தராசை நிறுப்பது யார்?

இங்கிலாந்தில் அடுத்தடுத்த வீடுகளில் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஆற்று மீன்வளம் பார்ப்பவர். தடுப்பணைகளைத் தாண்டி சால்மன் மீன்கள் மேலேறிப் போக வழி அமைத்துக் கொடுப்பவர். மற்றவர் ரசாயன ஆலை ஒன்றில் கழிவுநீர்ப் பிரிவுக்குப் பொறுப்பான பொறியாளர். முதலாமவர் காப்பாற்ற நினைக்கும் ஆற்றில்தான் இரண்டாமவருடைய குழாய் வந்து விழுகிறது. ஆனால் இருவருடைய விசிட்டிங் கார்டிலும் பெயருக்குப் பின்னால் ஒரே பட்டம்: சார்ட்டர்டு என்விரான்மென்டலிஸ்ட். சுருக்கமாக, ‘சி.என்வி.’

மீன்காரருக்கு அதை வழங்கியது மீன்வள மேலாண்மைக் கழகம். பொறியாளருக்கு வழங்கியது வேதிப் பொறியாளர்கள் கழகம். இரண்டுமே அந்தப் பட்டத்துக்குச் சொந்தக்காரர்கள் அல்ல. பட்டம் ‘சொசைட்டி ஃபார் தி என்விரான்மென்ட்’ என்ற மூன்றாவது அமைப்பினுடையது. 2000-ல் தொடங்கி, 2004-ல் அரச சாசனம் பெற்ற அமைப்பு அது. பட்டம் வேண்டுவோர், அந்த சொசைட்டியிடம் உரிமம் வாங்கிய தொழில்முறைக் கழகம் ஒன்றின் வழியாகத்தான் வர வேண்டும். இப்படி உரிமம் பெற்ற கழகங்கள் இருபதுக்கும் மேல். தண்ணீர்க்காரர்கள், குப்பைக்காரர்கள், எரிசக்திக்காரர்கள், வேளாண் பொறியாளர்கள், சூழலியலாளர்கள் என்று பல குலத்தவர்.

உரிமம் கேட்டு வரும் கழகத்திடம் சொசைட்டி பார்ப்பது அந்தக் கழகத்தின் சூழல் அறிவை அல்ல, அதன் நடைமுறையை. உறுப்பினர்களுக்கு நடத்தை விதிகள் உண்டா? தவறு செய்தவரை விசாரித்து நீக்க வழி இருக்கிறதா? நேர்காணல் செய்பவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டிருக்கிறதா? பட்டம் வாங்கியவர் ஆண்டுதோறும் தன் அறிவைப் புதுப்பித்துக்கொள்கிறாரா என்று யார் சரிபார்க்கிறார்கள்? இதெல்லாம் திருப்தியாக இருந்தால் உரிமம். அதுவும் சாசுவதமல்ல, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுபடியும் பரிசீலிப்பார்கள்.

சைவ ஆகம மரபை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. சமய தீட்சை, விசேட தீட்சை, நிர்வாண தீட்சை என எல்லாம் பெற்றவரும் இன்னொருவருக்குத் தீட்சை கொடுத்துவிட முடியாது. கொடுக்க வேண்டுமானால் அதற்கென்று ஆசாரியாபிஷேகம் தனியாக ஆக வேண்டும். பெறும் தகுதி வேறு, தரும் தகுதி வேறு. சொசைட்டி செய்வது ஒருவகை ஆசாரியாபிஷேகம்தான். மனிதருக்குப் பதில் கழகத்துக்கு.

ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவுபடுத்திவிடலாம். இந்தப் பட்டம் இல்லாதவர் சுற்றுச்சூழல் வேலை பார்க்கக் கூடாது என்று பிரிட்டனில் சட்டம் எதுவும் இல்லை. மருத்துவர் விஷயம் வேறு. ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற சொல்லுக்குக்கூட அங்கே 1997-ன் சட்டக் காவல் உண்டு. ‘என்விரான்மென்டலிஸ்ட்’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், கையில் பதாகை பிடித்து நிற்கும் கல்லூரி மாணவர் உட்பட. முன்னால் ஒட்டிக்கொள்ளும் ‘சார்ட்டர்டு’ என்ற சொல்லுக்குத்தான் காவல். ஆக விற்பனைக்கு இருப்பது வேலை செய்யும் உரிமை அல்ல, நம்பிக்கை. அதனால்தான் கேள்வியும் சட்டக் கேள்வியாக நில்லாமல் தத்துவக் கேள்வியாகிவிடுகிறது: அந்த நம்பிக்கை எங்கிருந்து ஊறி வருகிறது?

மேலே ஏறிப் பார்க்கலாம். மீன்காரரின் தகுதிக்குக் கழகம் பொறுப்பு. கழகத்தின் தகுதிக்கு சொசைட்டி பொறுப்பு. சொசைட்டிக்கு? அரச சாசனம். சாசனம் தரலாமா என்று மன்னருக்கு ஆலோசனை சொல்வது பிரிவி கவுன்சில். தொழில்முறை அமைப்பு ஒன்று சாசனம் கேட்டால் அவர்கள் பார்க்கும் அளவுகோல்கள் வெளிப்படையானவை. பொதுவாக 5,000 உறுப்பினர்களாவது இருக்க வேண்டும். முழு உறுப்பினர்களில் 75 சதவீதத்தினராவது பட்டப்படிப்புத் தரத்தில் இருக்க வேண்டும். கணக்கு வழக்கு ஒழுங்காக இருக்க வேண்டும். சாசனம் தருவது பொதுநலனுக்கு உகந்ததாக இருக்க வேண்டும். கிடைத்த பிறகு, சாசனத்தைத் திருத்த வேண்டுமானால் மறுபடியும் அதே வாசலில் போய் நிற்க வேண்டும்.

இந்த ஏணியில் ஒரு விசித்திரம் உண்டு. ஒவ்வொரு படி ஏறும்போதும் அதிகாரம் கூடுகிறது, ஆற்றைப் பற்றிய அறிவு குறைகிறது. கீழ்ப்படியில் நிற்பவருக்கு எந்த மடுவில் மீன் முட்டையிடும் என்று தெரியும். அவரை நேர்காணல் செய்தவருக்கு அந்த ஆறு தெரியாமல் இருக்கலாம், ஆனால் ஆறுகள் தெரியும். சொசைட்டிக்கு நேர்காணல்கள் எப்படி நடக்க வேண்டும் என்று தெரியும். பிரிவி கவுன்சிலுக்கு சொசைட்டிகள் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும். மன்னருக்குத் தெரிய வேண்டியது கையெழுத்திடும் இடம் மட்டும்தான். (மூன்றாம் சார்லஸ் சுற்றுச்சூழலில் அரை நூற்றாண்டாக ஆர்வம் காட்டி வருபவர் என்பது தற்செயல். சாசனத்தின் செல்லுபடிக்கு அது தேவையில்லை. 2004-ல் முத்திரையிட்டவரும் அவர் அல்ல, அவருடைய தாயார்.)

மன்னரோடு ஏணி முடிந்துவிடவில்லை. 2023 மே 6 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் முடிசூட்டு விழா நடந்தபோது, உலகமே பார்த்துக்கொண்டிருந்த அந்த நிகழ்ச்சியில் ஒரே ஒரு சடங்கு மட்டும் திரைபோட்டு மறைக்கப்பட்டது. கேன்டர்பரி பேராயர் மன்னருக்கு எண்ணெய் பூசிய சடங்கு. ஒலிவ மலையில் விளைந்த ஒலிவப் பழங்களின் எண்ணெய். ஜெருசலேமில் இயேசுவின் கல்லறைத் தேவாலயத்தில் புனிதமாக்கப்பட்டுக் கொண்டுவரப்பட்டது. முடியை எல்லோரும் பார்க்கலாம், எண்ணெயைப் பார்க்கக் கூடாது. அரசுரிமையின் ஊற்றுக்கண் அங்கே இருப்பதாக ஐதீகம்.

சரி, அந்தப் பேராயரை நியமிப்பது யார்? மன்னர். பிரதமரின் ஆலோசனைப்படி.

பேராயர் மன்னரை அபிஷேகம் செய்கிறார், மன்னர் பேராயரை நியமிக்கிறார். மீன்காரரின் விசிட்டிங் கார்டிலிருந்து கிளம்பிய பயணம் கடைசியில் இரண்டு பேர் ஒருவரையொருவர் கைகாட்டும் இடத்தில் வந்து நிற்கிறது. பேராயர் தரப்பில் இன்னொரு பதில் உண்டு: அப்போஸ்தலர் தொடங்கி ஆயர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைவைத்து அளித்த பரம்பரை. ஆனால் 1896-ல் போப் பதின்மூன்றாம் லியோ அந்தப் பரம்பரை இங்கிலாந்தில் நடுவில் அறுந்துவிட்டது, ஆங்கிலிக்கன் குருப்பட்டங்கள் எதுவுமே செல்லாது என்று அறிவித்துவிட்டார். ஒரு உரிமம் வழங்கும் அமைப்பு இன்னொன்றின் உரிமங்களை மொத்தமாக ரத்து செய்த மாதிரி. ஆங்கிலிக்கன் பேராயர்கள் அடுத்த ஆண்டே எழுதிய மறுப்பில், நீங்கள் சொல்லும் குறை எங்களிடம் இருந்தால் அது உங்கள் பழைய சடங்குகளிலும் இருக்கிறது என்றார்கள்.

உரிமம் கொடுத்தவர் கறைபட்டவராக இருந்தால் உரிமம் நிற்குமா என்ற கேள்வியை வட ஆப்பிரிக்கத் திருச்சபை ஒரு நூறாண்டு ரத்தம் சிந்தித் தீர்த்துப் பார்த்திருக்கிறது. 303-ல் ரோமப் பேரரசன் டயோகிளீஷியன் கிறிஸ்தவர்களை ஒடுக்கியபோது, சில ஆயர்கள் உயிருக்குப் பயந்து வேத நூல்களைச் சிப்பாய்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். கொடுமை ஓய்ந்த பிறகு கார்த்தேஜ் நகருக்குச் சிசிலியன் என்பவர் ஆயரானார். அவருக்குப் பட்டம் கொடுத்த ஃபெலிக்ஸ், நூல்களை ஒப்படைத்த துரோகிகளில் ஒருவர் என்று குற்றச்சாட்டு எழுந்தது. துரோகியின் கை கொடுத்த பட்டம் பட்டமா? இல்லை என்றவர்கள் டொனாட்டிஸ்டுகள். ஒப்படைத்தவர் கையால் பெற்றாலும் தகுதியுள்ளவர் பெற்ற பட்டம் செல்லும் என்று 314-ல் ஆர்ல் நகரில் கூடிய சபை முடிவு செய்தது. பின்னர் அகஸ்டின் இதற்குக் காரணம் கற்பித்தார். தஞ்சைப் பக்கத்து விவசாயிக்கும் பிடிபடும் உவமை அவருடையது: கல்லில் வெட்டிய வாய்க்கால் வழியே தண்ணீர் பாத்திக்குப் போகிறது. வாய்க்காலில் ஒன்றும் முளைக்காது; அதனால் பாத்திக்கு நஷ்டமில்லை. குரு வெறும் வாய்க்கால். பாய்வது இறைவனின் அருள்.

அழகான தீர்வு. சடங்குக்குச் சரி. ஆனால் சான்றிதழுக்கு இதைக் கொண்டுவர முடியாது. ஞானஸ்நானத்தில் தண்ணீர் ஊற்றுபவர் ஒருவர், செயல்படுபவர் இன்னொருவர் என்பது நம்பிக்கை. நேர்காணலில் அப்படிப் பின்னால் நின்று செயல்படுபவர் யாருமில்லை. எதிரே அமர்ந்து கேட்டவரின் காதும், கோப்பைப் படித்தவரின் கண்ணும்தான் அங்கே உள்ள சரக்கு மொத்தமும். அவர் கேட்காமல், படிக்காமல் கையெழுத்திட்டிருந்தால் வாய்க்காலில் தண்ணீரே வரவில்லை என்று பொருள். திருச்சபை விவகாரத்தில் தோற்றுப்போன டொனாட்டிஸ்டுகள் இந்த விவகாரத்தில் ஜெயிக்க வேண்டியவர்கள்.

நம் பக்கத்தில் இந்தச் சிக்கலை வேறு வாசல் வழியாக அணுகினார்கள். தமிழில் ‘அளவை’ என்ற சொல்லுக்கு நெல் அளக்கும் அளவையும் பொருள், அறிவை அளக்கும் பிரமாணமும் பொருள். மணிமேகலையில் சமயவாதிகளிடம் கேள்வி கேட்டுப் போகும் மணிமேகலைக்கு முதலில் எதிர்ப்படுபவரே அளவைவாதிதான். பத்து அளவைகளைப் பட்டியலிடுகிறார். காட்சி, கருதல் என்று போகும் அந்தப் பட்டியலைவிட அடிப்படையான கேள்வியை சுமார் இரண்டாம் நூற்றாண்டிலேயே பௌத்தரான நாகார்ஜுனர் ‘விக்ரகவியாவர்த்தனி’யில் எழுப்பிவிட்டார். பொருள்களை எல்லாம் அளவைகளால் நிறுவுகிறீர்கள், சரி. அளவைகளை எதைக் கொண்டு நிறுவுவீர்கள்? வேறு அளவைகளைக் கொண்டா? அவற்றுக்கு வேறு, அவற்றுக்கும் வேறு என்று முடிவே இருக்காது. அளவை தன்னைத் தானே நிறுவிக்கொள்ளும் என்றால், அந்தச் சலுகை மற்றவற்றுக்கு ஏன் இல்லை? கழகம், சொசைட்டி, சாசனம், மன்னர் என்று நீளும் ஏணியை அவரிடம் காட்டியிருந்தால் சிரித்திருப்பார்.

மீமாம்சகர்கள் இந்த முடிவில்லாத் தொடரை ஒரே வெட்டில் வெட்டினார்கள். ஏழாம் நூற்றாண்டையொட்டி வாழ்ந்த குமாரிலர் சொன்னது: எந்த அறிவும் இயல்பாகவே செல்லுபடியாகும், வெளியிலிருந்து யாரும் வந்து முத்திரை குத்த வேண்டியதில்லை. பொய்தான் வெளியிலிருந்து தெரியவரும். ஒன்று, அந்த அறிவுக்கு நேர்மாறான இன்னொரு அறிவு வர வேண்டும். அல்லது அது பிறந்த வழியில் குறை இருப்பது தெரிய வேண்டும். அப்படி ஒன்றும் தெரியாதவரை நம்பு. சந்தேகம் வந்தால் மூன்று, நான்கு முறை சரிபார். அதற்கு மேல் தோண்டிக்கொண்டே போகாதே. வேதத்துக்கு ஆசிரியர் இல்லை, எனவே ஆசிரியரின் குறையும் இல்லை என்று காட்டத்தான் அவர் இந்தக் கட்டடத்தை எழுப்பினார். ஆனால் உலகத்தின் பதிவேடுகள் எல்லாம் உள்ளூர அவர் சொன்னபடிதான் ஓடுகின்றன. பெயர் பட்டியலில் இருக்கிறது, புகார் ஏதும் இல்லை, ஆகவே தகுதியுள்ளவர்.

இதில் இடறும் இடம், புகார் செய்ய ஆள் வேண்டும் என்பது. மோசமாக வைத்தியம் செய்த மருத்துவர்மீது நோயாளி புகார் கொடுப்பார். அவர் செத்தால் பிள்ளைகள் கொடுப்பார்கள். தவறான கணக்கு எழுதிய ஆடிட்டர்மீது முதலீட்டாளர் கொடுப்பார். (நம் ஊர் ஆடிட்டர்களின் ‘சார்ட்டர்டு’க்கு எந்த அரசனின் சார்ட்டரும் பின்னால் இல்லை. அவர்கள் கழகம் 1949-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. சாசனம் போய்விட்டது, அடைமொழி தங்கிவிட்டது.) சுற்றுச்சூழல் நிபுணரின் தவறுக்கு ஆளாகும் மீன் மனு எழுதாது.

நியாய மரபினர் குமாரிலரை ஏற்கவில்லை. அறிவு செல்லுமா செல்லாதா என்பது அதைப் பயன்படுத்திப் பார்க்கும்போது தெரியும் என்றார்கள். தூரத்தில் தண்ணீர் தெரிகிறது. கானலாக இருக்கலாம். நடந்து போய், கையில் அள்ளி, குடித்துப் பார். தாகம் தீர்ந்தால் கண் சொன்னது உண்மை. நாகார்ஜுனர் எழுப்பிய தொடர்ச் சிக்கலுக்கும் நியாய சூத்திரத்தில் ஒரு தராசு உவமை உண்டு. தராசு பொன்னை நிறுக்கிறது. அந்தத் தராசின்மேலேயே சந்தேகம் வந்தால்? எடை தெரிந்த பொன்னை வைத்துத் தராசைச் சோதிக்கலாம். ஒரு பொருள் ஓரிடத்தில் அளவை, வேறிடத்தில் அளக்கப்படுவது. அளக்கும் தகுதி எந்தப் பொருளுக்கும் பிறவிக் குணம் அல்ல. வேலை நேரத்தில் அது வகிக்கும் பதவி.

இந்த உவமை லண்டனில் ஒருமுறை அப்படியே நடந்தேறியது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து அங்கே ‘பிக்ஸ்’ சோதனை என்று ஒன்று உண்டு. அரச நாணயச் சாலை அடித்த காசுகளில் சிலவற்றைப் பெட்டியில் எடுத்துவைத்து, பொற்கொல்லர் சங்கத்தைச் சேர்ந்த நடுவர்கள் நிறுத்தும் உருக்கியும் பார்ப்பார்கள். அந்தச் சங்கத்துக்கு 1327-ல் சாசனம் தந்தவர் மன்னர். மன்னரின் தலை பதித்த காசைச் சோதிப்பது அந்தச் சங்கம். 1710-ல் நாணயச் சாலையின் தலைவராக இருந்தவர் ஐசக் நியூட்டன். அவர் அடித்த தங்கக் காசுகள் தரத்தில் சற்றுக் குறைவு என்று தீர்ப்பு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்பட்டது 1707-ல் செய்த மாதிரித் தங்கத் தகடு. நியூட்டன் கொதித்தார். காசில் குறையில்லை, தகடுதான் இருக்க வேண்டியதைவிடச் சுத்தமானது என்று வாதிட்டு, அதைச் சோதித்தும் காட்டினார். தகடு புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. சோதிக்கப்பட்டவர் சோதித்த கருவியைக் கூண்டிலேற்றி வென்றார்.

கவனிக்க வேண்டியது நியூட்டனின் புகழையோ பதவியையோ அல்ல. தகட்டை விசாரிக்க ஒரு பாதை திறந்திருந்தது; தங்கம் என்ற மூன்றாவது சாட்சி எதிரிலேயே கிடந்தது. நெருப்பில் போட்டால் உண்மை சொல்லிவிடும் சாட்சி.

சுற்றுச்சூழல் சான்று உலகத்திலும் ஒருவரையொருவர் நிறுக்கும் ஏற்பாடு உண்டு. 1996-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 14001 தரத்தை எடுத்துக்கொள்ளலாம். தொழிற்சாலைக்குச் சான்று தருவது ஒரு நிறுவனம். அந்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் தருவது நாட்டுக்கு நாடு உள்ள வாரியம். இந்தியாவில் இந்தியத் தர கவுன்சிலின் கீழ் உள்ள வாரியம், பிரிட்டனில் யுகாஸ். வாரியங்களை யார் சோதிப்பது? மற்ற நாட்டு வாரியங்கள். மன்னரும் பேராயரும் இரண்டு பேர் வட்டம் என்றால், இது பெரிய வட்டம். வட்டம் பெரிதானால் பொய் சொல்வது கடினமாகிறது என்பது மெய். ஆனால் வட்டத்துக்குள் இருக்கும் எல்லோரும் பார்ப்பது ஒருவர் கோப்பை இன்னொருவர். நெருப்பில் போடத் தங்கம் வேண்டாமா?

நியாய சூத்திரத்தில் இதைவிடத் துணிச்சலான ஒரு வாதமும் இருக்கிறது. வேதம் சொல்லும் கண்ணுக்குத் தெரியாத விஷயங்களை ஏன் நம்ப வேண்டும்? ஆயுர்வேதத்தையும் மந்திரங்களையும் நம்புவதுபோலத்தான், சொன்னவர் நம்பத்தக்கவர் என்பதால், என்கிறது சூத்திரம். மருந்து வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கிறோம். அதைச் சொன்னவரிடம் வைத்த நம்பிக்கையை, பார்க்க முடியாத இடத்துக்கும் நீட்டுகிறோம். வாத்ஸ்யாயனரின் உரை இந்த ‘ஆப்தர்’ யார் என்றும் சொல்கிறது: பொருளை நேராக அறிந்தவர், அறிந்தபடி சொல்ல விரும்புகிறவர். முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் இலக்கணம் ஒன்றே என்று சேர்த்துக்கொள்கிறார். பிறப்பு, பரம்பரை, சாசனம் எதுவும் அதில் இல்லை. அந்தக் காலத்துக்கு இது பெரிய வார்த்தை.

தொழில்முறைப் பட்டம் ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் இந்த ஆயுர்வேத வாதத்தைத்தான் செய்கிறது: பார்த்த வேலைகளில் இவர் சரியாக இருந்தார், பார்க்காத வேலையிலும் நம்பலாம். மருந்து ஒரு வாரத்தில் பலன் தெரிவித்துவிடும். காடும் ஆறும் அணையும் அப்படி இல்லை என்பதுதான் கஷ்டம்.

2019 ஜனவரி 25 அன்று பிரேசிலில் புருமாடின்யோ நகரருகே இரும்புச் சுரங்கக் கழிவைத் தேக்கிவைத்த அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். முந்தைய ஆண்டுதான் ஜெர்மனியில் தலைமையகம் கொண்ட சான்றளிப்பு நிறுவனம் ஒன்றின் பிரேசில் கிளை, அணை உறுதியாக இருக்கிறது என்று சான்று கொடுத்திருந்தது. ஒன்றரை நூற்றாண்டு வரலாறு அந்த நிறுவனத்தினுடையது. நியாய மரபினர் கேட்ட பலன் வந்தது. ஆனால் சான்று பொய் என்று காட்ட 270 உயிர் விலை. அதே கைகள் வேறு அணைகளுக்குக் கொடுத்த சான்றுகளை என்ன செய்வது என்று மறுநாள் எழுந்த கேள்வி, கார்த்தேஜில் எழுந்த அதே கேள்வி.

மலிவாகச் சாட்சி கிடைத்த கதையும் உண்டு. இங்கிலாந்தின் தென்கரையில் சதர்ன் வாட்டர் நிறுவனம் 2010-லிருந்து 2015 வரை சுத்திகரிக்காத கழிவுநீரை 6,971 முறை சட்டவிரோதமாகத் திறந்துவிட்டது. 2021 ஜூலையில் கேன்டர்பரி நீதிமன்றம் 9 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. அந்தக் காலம் முழுக்கக் கோப்புகள் ஒழுங்காகவே இருந்தன. தன் வெளியேற்றத்தைத் தானே அளந்து தானே எழுதும் ஏற்பாடு. சந்தேகம் கிளம்பியது வேறிடத்திலிருந்து. கடற்கரையோரச் சிப்பிகளில் ஈ-கோலை பாக்டீரியா அளவுக்கு மீறி இருந்தது. மீன் மனு எழுதாது என்று மேலே சொன்னதைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். சிப்பி எழுதியது. படிக்கத் தெரிந்த ஓர் ஆய்வகம் இருந்ததால் அது மனுவாயிற்று.

இந்தியாவில் இந்தக் கதை தலைகீழாக ஓடியது. 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைக்குப் பிந்தைய ஆண்டுகளில், அறிக்கை எழுதித் தருவது யாரும் செய்யக்கூடிய தொழிலாக இருந்தது. ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கான அறிக்கையில் ஸ்புரூஸ், பிர்ச் மரங்கள் முளைத்தன. ரஷ்யச் சுரங்கம் ஒன்றுக்காக எழுதியதை எடுத்து ஒட்டியிருந்தார்கள். கொங்கணக் கரையில் பனிக்காட்டு மரம். அதன் பின்னரே, இந்தியத் தர கவுன்சிலின் கல்வி, பயிற்சி வாரியம் அங்கீகரித்த ஆலோசகர்கள்தான் அறிக்கை எழுதலாம் என்ற விதி கட்டாயமாயிற்று.

விதி யார்மீது வந்து விழுந்தது? தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் மலைக்கு அடியில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2011-ல் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரித்தது கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பறவைகளைப் பற்றி அதைவிட அறிந்த இடம் நாட்டில் அரிது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் வைக்கப்பட்ட வாதங்களில் ஒன்று, அந்த மையம் அங்கீகாரம் பெற்ற ஆலோசகர் அல்ல என்பது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதும் கேள்வியாயிற்று. 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அனுமதியை நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டு மத்திய அரசு மீண்டும் அனுமதி கொடுத்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்துப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது.

இதில் யாரையும் எளிதில் குறை சொல்லிவிட முடியாது. பறவை அறிஞர்களுக்குச் சுரங்கம் தோண்ட வெடிவைப்பதன் அதிர்வும் நிலத்தடி நீரோட்டமும் தெரியுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. எந்தத் துறை வேலைக்கு யார் என்று வரையறுப்பதுதான் உரிமத்தின் வேலையே. ஆனால் வாத்ஸ்யாயனரின் இலக்கணப்படி ஆப்தராக நின்றவர்கள் முத்திரை இல்லாததால் கேள்விக்குள்ளாவதும், முத்திரை உள்ள ஓர் அலுவலகம் ஒருநாள்கூட மலையேறாமல் அறிக்கை எழுத முடிவதும் ஒரே விதியின் இரண்டு முகங்கள். விதிக்குத் தெரிந்தது முத்திரை மட்டும். அறிந்தவரைக் காட்டும் அடையாளமாகத் தொடங்கிய முத்திரை, அறிந்தவரின் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டது.

அறிந்தவர் யார் என்று பொதுமக்களுக்கு எப்படித் தெரியும் என்ற எதிர்க்கேள்வி அப்படியே நிற்கிறது. தெரியாது. அதனால்தான் ஏணி. ஏணி வேண்டாம் என்பவர்கள் ஸ்புரூஸ் மரங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். வேண்டும் என்பவர்கள், மேலிருந்து கீழே இறங்கும் உரிமத்தைப் போலவே, கீழிருந்து மேலே ஏறும் சிப்பியின் மனுவுக்கும் அதில் படிகள் உண்டா என்று பார்க்க வேண்டும். பிரிவி கவுன்சிலின் அளவுகோல்களில் உறுப்பினர் எண்ணிக்கை இருக்கிறது, பட்டதாரி சதவீதம் இருக்கிறது. அந்த உறுப்பினர்கள் கைவைத்த ஆறுகளில் இப்போது மீன் இருக்கிறதா என்ற வரி இல்லை. கழகங்கள் தங்கள் உறுப்பினர்களின் பழைய கணிப்புகளைப் பத்தாண்டு கழித்து எடுத்து, நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை உரிமத்தின் நிபந்தனையாக்கலாம். பிக்ஸ் பெட்டியில் காசு போட்டு வைப்பது மாதிரிதான். செலவு அதிகம் இல்லை. சங்கடம் அதிகம்.

இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி 12 முதல், பெரிய கட்டுமானத் திட்டங்கள் தாம் அழித்த உயிர்ச்சூழலைவிட 10 சதவீதம் கூடுதலாக உருவாக்கித் தர வேண்டும் என்பது சட்டம். அழிக்கும் புல்வெளிக்கு எத்தனை அலகு, உருவாக்கும் புல்வெளிக்கு எத்தனை அலகு என்று ‘தகுதி வாய்ந்த நபர்’ கணக்கிட்டுக் கொடுப்பார். அதை நம்பி வீடுகள் உடனே எழும். புல்வெளியை 30 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். முதல் படிவங்களில் கையெழுத்திட்ட ஐம்பது வயது நிபுணருக்கு, கணக்கு முடியும் 2054-ல் எண்பது வயது. அவருக்குப் பட்டம் தந்த கழகம் அதே பெயரில் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. சுற்றுச்சூழல் மேலாளர்களின் பெரிய கழகமான ஐ.இ.எம்.ஏ. 2025-லேயே பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது. அந்த 30 ஆண்டுகளுக்குள் சில முறையாவது யாராவது அந்தப் புல்வெளியில் மண்டியிட்டு, எந்தச் செடி எத்தனை என்று எண்ணியாக வேண்டும். எண்ணியதைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அலுவலகத்தில் முதலில் கேட்கப்போவது அவருடைய பதிவு எண்ணை.